செவ்வாய்க்கிழமை இருதயம்

தான் இல்லாத இடத்தில் தன் குரல் சொன்னதற்கு ஒருவர் பொறுப்பாவாரா? கையெழுத்துக்குப் பொறுப்பு உண்டு. அதற்குக் கோர்ட் இருக்கிறது. நேருக்கு நேர் சொன்ன சொல்லுக்கும் உண்டு; அதைக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடிய அறையில் பேசி, நாடாவில் பதிந்து, பெட்டிக்குள் சுருண்டு, யாரோ ஒருவன் தோளில் ஏறி, பேசியவள் கால் வைத்திராத தெருவில் போய் ஒலிக்கும் குரலுக்கு யார் பொறுப்பு? படித்தவர்கள் இதை வைத்துக்கொண்டு பல நாள் வாதம் செய்யலாம். விஜயலக்ஷ்மிக்கு இந்தக் கேள்வி நாற்பது பரீட்சைத் தாள்களாக வந்து சேர்ந்தது.

மாட்டுங்காவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் அறிவியல் டீச்சர். வயது நாற்பத்தொன்று. காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. அது முடிந்து அரை மணியில் மத்தியான ஷிப்ட். நாலரைக்கு வெளியே வந்தால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இரண்டு அறை வீடு. அதில் தம்பி பஞ்சு, அவன் மனைவி, மூன்று குழந்தைகள். கல்யாணம் நடக்காததற்கு முதலில் ஜாதகத்தைச் சொன்னார்கள், பிறகு அப்பாவின் சாவைச் சொன்னார்கள், பிறகு வயதைச் சொன்னார்கள். அதற்கப்புறம் கேட்பவர்களே நின்றுபோனார்கள். அது ஒரு விதத்தில் சௌகரியமாகத்தான் இருந்தது.

நல்ல டீச்சர் என்று பெயர். அந்தப் பெயரில் பெரிய பொய் இல்லை. சொல்வது தெளிவாக இருக்கும், வரிசையாக இருக்கும், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். ஆனால் பதினெட்டு வருஷமாக ஒரே இருதயத்தை ஒரே கரும்பலகையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரைகிறவளுக்கு, எதிரே இருக்கும் முகங்கள் மெல்ல மெல்ல ஒன்றாகிவிடும். அவளுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. சில நாட்களில் பாடத்தின் நடுவே, தான் எந்த ஷிப்டில் நிற்கிறோம் என்று ஜன்னல் வெயிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அதே கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் மகாதேவன் இருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய வித்யா சகாய சபைக்குக் காரியதரிசி. தாராவி, ஆண்டாப் ஹில், சுனாபட்டி, அம்பர்நாத் என்று நாலு இடத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஆள் இல்லை என்பது சபையின் பழைய கவலை. 1964 ஏப்ரலில் ஒரு நாள் அவர் ஒரு டால்டா டின்னைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். டின்னுக்குள் கார் விளக்கு பல்ப். முன்னால் சோர் பஜாரில் வாங்கிய பழைய காமிராக் கண்ணாடி. பக்கவாட்டில் ஒரு ரேடியோத் திருகு. திருகினால் பிலிம் சுருள் ஒரு படம் நகரும். படம் சுவரில் விழும்.

"டில்லியிலே ஸ்கூலுக்கெல்லாம் டெலிவிஷன் வந்தாச்சு," என்றார். "அது பம்பாய்க்கு வரதுக்குள்ளே இந்தக் கொழந்தேள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்துடும். நம்ம டெலிவிஷன் இதாக்கும்."

"பேச்சு எங்கேர்ந்து வரும் மாமா?"

"நீதான். ஏடன்லேர்ந்து மாப்பிள்ளை கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் இருக்கோன்னோ? நீ ஒரு தடவை பேசினாப் போறும் விஜயம். அப்புறம் உன் குரல் ஊர் ஊராப் போகும். நீ ஆத்துல உக்காந்து காப்பி குடிச்சிண்டு இருக்கலாம்."

"காப்பி குடிக்க யார் உக்கார விடறா?" என்று சொன்னாளே தவிர, அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை பேசினால் போதும். அதற்குப்பின் பேச வேண்டாம். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளுக்கு அப்படி ஒரு வரம் கொடுக்க முன்வந்ததில்லை.

மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மகாதேவன் வீட்டில் பதிவு நடந்தது. ஜன்னலுக்கு மெத்தை சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை சொட்டச் சொட்டப் பேசினாள். இருபத்துநாலு பாடங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அடுத்த படத்துக்கு எப்போது திருக வேண்டும் என்று மிஷினை ஓட்டுபவனுக்குத் தெரிய ஓர் ஒலி வேண்டியிருந்தது. முதலில் டம்ளரில் ஸ்பூனால் தட்டிப் பார்த்தார்கள். யாரோ இன்னொரு காப்பி கேட்பதுபோல் இருந்தது. மகாதேவனின் மனைவி அம்மிணி மாமிதான் வழி சொன்னாள்.

"சுவாமி மணி இருக்கே. கணீர்னு கேக்கும். சரஸ்வதி காரியம், மங்களமாவும் இருக்கும்."

பூஜை அறைக் கைமணி வந்தது. விஜயலக்ஷ்மி பேச, மகாதேவன் விரல் காட்ட, மாமி மணியை அடித்தாள். படங்களில் எழுத்து எதுவும் வேண்டாம் என்பது மகாதேவனின் யோசனை. எழுத்தில்லாமல் இருந்தால் அதே சுருளை நாளைக்கு மராத்திப் பள்ளிக்கும் குஜராத்திப் பள்ளிக்கும் கொடுக்கலாம், ஒரே செலவு. யோசனையில் தப்பில்லை. நல்ல யோசனைகள் இரண்டு மூன்று ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

மிஷினை ஓட்ட இசக்கிப்பாண்டி என்று தாராவிக்காரன் ஒருவன் கிடைத்தான். முப்பது வயது. சின்னப் பையனாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். இந்தி பேசுவான், மராத்தி பேசுவான், தமிழ் எழுத்து மட்டும் கூட்டிப் படிக்கவும் வராது. ஏதோ ஒரு கொட்டகையில் மிஷின் ரூமில் இருந்தபோது, கருகல் நாற்றம் வருகிறதென்று முதலாளியைக் கேட்காமல் படத்தை நிறுத்திவிட்டான். நாற்றம் பக்கத்து ஓட்டலிலிருந்து வந்தது. வேலை போயிற்று.

மகாதேவன் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மணி அடிச்சா திருகணும். அடிக்கலேன்னா திருகப்படாது. நடுவிலே உன் மூளையைக் கொண்டுவந்து நுழைக்காதே."

"அந்தச் சாமானால ஒருதரம் பட்டாச்சு சாமி," என்றான் இசக்கிப்பாண்டி. "இனி அது நம்ம சோலிக்குக் குறுக்க வராது."

தாராவிதான் கிட்டே. அதனால் அங்கே வாரம் இரண்டு நாள்: செவ்வாய் புதுப் பாடம், வெள்ளி அதே பாடம் மறுபடியும். மற்ற மூன்று இடத்துக்கும் ஒரே நாள். தோளில் ரிக்கார்டரும் கையில் டின்னுமாக அவன் பஸ் ஏறுவான், கண்டக்டர் சாமானுக்குத் தனி டிக்கெட் கேட்பான், சண்டை நடக்கும். ஜூன் முதல் டிசம்பர் வரை பதினெட்டுப் பாடங்கள் ஓடின. விஜயலக்ஷ்மி ஓர் இடத்துக்கும் போகவில்லை. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது ரயில் லைனும் ஒரு பாலமும்தான். ஆனாலும் போகத் தோன்றவில்லை. போகாமல் இருக்கலாம் என்பதற்காகத்தானே பேசினாள்?

பொங்கல் கழிந்த வாரம் நாலு பள்ளிக்கும் சேர்த்து ஒரு பரீட்சை வைத்தார்கள். தாள்கள் அவளிடம் வந்தன. ஆண்டாப் ஹில், சுனாபட்டி, அம்பர்நாத் மூன்றும் சுமாராக இருந்தன. அதற்குமேல் அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தாராவிக் கட்டைப் பிரித்தாள். மூன்றாவது கேள்வி: இருதயத்தின் படம் வரைந்து அதன் வேலையை எழுதுக.

முதல் தாளில் ஒரு ஜோடி நுரையீரல். அதன் கீழே, 'இது சுருங்கி விரிந்து இரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புகிறது' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தது. இரண்டாவதில் கல்லீரல், அதே வாக்கியம். மூன்றாவதில் நுரையீரல். புத்தகம் வாங்கிய மூன்று நாலு பேர் மட்டும் ஏதோ இருதயம் மாதிரி மசியை அப்பியிருந்தார்கள். எழுதியது அத்தனையும் அவள் சொன்ன வார்த்தைகள். வரைந்தது எதுவும் அவள் சொன்ன உறுப்பு இல்லை. காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. காப்பி அடித்தால் எல்லாருக்கும் ஒரே தப்புத்தானே வரவேண்டும் என்று பிறகு தோன்றியது.

சொர்ணம் என்ற பெண்ணின் தாளில் இரண்டு படங்கள் இருந்தன. நுரையீரலின் கீழே 'செவ்வாய்க்கிழமை இருதயம்' என்றும் கல்லீரலின் கீழே 'வெள்ளிக்கிழமை இருதயம்' என்றும் கோடு போட்டு எழுதியிருந்தது.

மகாதேவன் தாள்களைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கொழுப்பைப் பாரு! கிண்டல் பண்றா. அங்கே இதெல்லாம் எடுபடாதுன்னு கமிட்டியிலே அப்பவே சொன்னா. மத்த மூணு இடத்துலே சரியா இருக்கு, இங்கே மட்டும் இப்படின்னா தப்பு மிஷின்லயா? அடுத்த மாசத்திலேர்ந்து தாராவியை நிறுத்திட்டு செம்பூருக்குக் குடுத்துடலாம். அங்கே ஆறு மாசமாக் கேக்கறா."

"ஏழாம் கிளாஸ் பரீட்சை மார்ச் கடைசியிலே மாமா."

"அதுக்கு நாம என்ன பண்றது?"

கிண்டல் பண்ணுகிறவர்கள் கோடு போட்டு எழுதமாட்டார்கள் என்பது விஜயலக்ஷ்மிக்குத் தெரியும். இத்தனை வருஷம் தாள் திருத்தியதில் கிடைத்த சின்ன அறிவு அது. அந்த வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வராமல் நேரே பாலத்தைத் தாண்டினாள்.

பள்ளிக்கூடம் என்பது அம்மன் கோவிலுக்குப் பின்னால் ஒரு நீளக் கூடம், நடுவே தட்டி. ஒரு பக்கம் ஆறாம் வகுப்பு, மறுபக்கம் ஏழு. இரண்டுக்கும் ஒரே டீச்சர், பூமாரி. இருபத்தைந்து வயது இருக்கலாம். மிஷின் ஏழைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் அவள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆறுக்குக் கணக்குப் போடுவாள். மாட்டுங்காவிலிருந்து வந்திருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு விஜயலக்ஷ்மி கடைசியில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டிருந்தது. டால்டா டின் சூடாகி ஒரு வாசனை வந்தது. நாடா சுழன்றது.

"குழந்தைகளே, இன்றைக்கு நாம் தாவரங்களைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். கவனமாகக் கேட்க வேண்டும்."

அவள் குரல்தான். ஆனால் இப்படி ஒரு குரலோடு ஒரே வீட்டில் இருக்க யார் சம்மதிப்பார்கள் என்று நினைக்கும்படி இருந்தது. சுத்தமாக இருந்தது, தூரமாக இருந்தது, யாரையும் பார்க்காமல் பேசியது. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சற்று தூக்கி, "கவனமாகக் கேக்கணுமாம், கேட்டேளோ," என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்ல, அங்கே ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது.

"இது வேர். வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது." சுவரில் வேர். பெட்டியில் மணி அடித்தது. இசக்கிப்பாண்டி திருகினான். "இது தண்டு." சுவரில் தண்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்போது வெளியே, விளக்கு வைத்த நேரத்தில், வெள்ளிக்கிழமைக்கு அம்மனைப் பார்க்க வந்த யாரோ ஒருத்தி வாசல் மணியை இழுத்து அடித்தாள். இசக்கிப்பாண்டி திருகினான். தண்டைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கச் சுவரில் இலை வந்து உட்கார்ந்தது. இன்னும் இரண்டு பேர் கோவிலுக்கு வந்தார்கள். பூவைப் பற்றிப் பேசும்போது விதை தெரிந்தது. பாடம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையிலேயே படங்கள் தீர்ந்து, சபையின் குத்துவிளக்குச் சின்னம் சுவரில் நின்று எரிந்தது. குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. நாற்பது பேரும் குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டு, வேர்க்கடலை எந்த வகை விதை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஜயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. செவ்வாயும் வெள்ளியும். அம்மன் கோவிலில் கூட்டம் சேரும் இரண்டு நாட்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தது மாட்டுங்கா சபைதான்.

குழந்தைகள் போனபின் இசக்கிப்பாண்டியிடம் கேட்டாள். "இந்தக் கோவில் மணிக்கும் திருகறாயே?"

"மணி அடிச்சா திருகுன்னு சொன்னாவ டீச்சரம்மா."

"பெட்டியிலே அடிக்கிற மணி வேற, இது வேறன்னு தெரியலையா?"

அவன் யோசித்தான். "சில நேரம் சந்தேகமாத்தான் இருக்கும். ஆனா பாத்துக்கிடுங்க, எது எந்த மணின்னு நானா முடிவு பண்ணணும்னா மூளைய இழுக்கணும். அதான் வேண்டாம்னு சாமி சொல்லிட்டாவளே."

பூமாரி தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து வந்து நின்றாள். விஷயம் புரிந்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப ஆறு மாசமா பிள்ளைய தப்பாவா படிச்சிருக்கு? ஐயோ, நான் ஒருநாள் எட்டிப் பாத்திருந்தாக்கூட… எனக்கும் இந்த சைன்ஸ் அரைகுறைதான். டீச்சர், ஏழு பாஸானாத்தான் சயான் ஹைஸ்கூல்ல எடுப்பான். பெயிலானா பொட்டப்பிள்ளைய ஒண்ணையும் மேல படிக்க விடமாட்டாவ. அந்த சொர்ணத்துக்கு அவ ஐயா இப்பமே மாப்பிள்ள பாக்காரு."

"நிறுத்திருவாவளோ டீச்சரம்மா?" என்றான் இசக்கிப்பாண்டி. மிஷினைப் பற்றிக் கேட்டானா தன்னைப் பற்றிக் கேட்டானா தெரியவில்லை.

சனிக்கிழமை மகாதேவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கோவில்லே மணி அடிக்காதேங்கோன்னு சொல்லிப் பார்க்கலாமா?" என்றார்.

"நீங்க போய்ச் சொல்லுங்கோ," என்றாள் அம்மிணி மாமி உள்ளேயிருந்து. "முழுசாத் திரும்பி வரேளான்னு பாக்கறேன்."

"கிழமையை மாத்தினா?" என்றார் மகாதேவன்.

"மாத்தலாம். ஆனா பதினெட்டுப் பாடம் தப்பாப் போயாச்சே மாமா. அது எந்தக் கிழமையிலே சரியாகும்?"

மகாதேவன் கண்ணாடியைத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. தப்பு மிஷினிலும் இல்லை, குழந்தைகளிடமும் இல்லை, தன் வீட்டுப் பூஜை அறையிலிருந்து போயிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு மத்தியானம் தேவைப்பட்டது. இருட்டுவதற்கு முன்னால் கீழே இறங்கி வந்தார். "இசக்கிப்பாண்டி இருக்கட்டும். தாராவியும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு. மார்ச் வரைக்கும் நீயே போயிடு விஜயம். ஒன்பது வாரம் இருக்கு. பெட்டியெல்லாம் வேண்டாம். நேரே நின்னு, 'முன்னே கேட்டது தப்பு, இதுதான் சரி'ன்னு சொல்லிக் குடுத்துடு. நீ சொன்னா பத்து நிமிஷத்திலே புரியும்."

"போறேன்," என்றாள்.

பஞ்சுவுக்கு இது பிடிக்கவில்லை. "அக்கா, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தொண்டை கிழியக் கத்தறே. இதுக்குமேலே அங்கே போய் வேறயா?" அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அவள் தாராவிக் கூடத்துக்குள் வந்தபோது, பூமாரி கரும்பலகையைத் துடைத்துச் சாக்பீஸ் எடுத்து வைத்திருந்தாள். மிஷின் வேண்டாம் என்று நினைத்து இசக்கிப்பாண்டி பெட்டியைத் திறக்கவேயில்லை. விஜயலக்ஷ்மி கரும்பலகைப் பக்கம் போகவில்லை. டால்டா டின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல் பாடத்துலேர்ந்து போடு," என்று இசக்கிப்பாண்டியிடம் மெதுவாகச் சொன்னாள். நாடா ஓடியது. அவள் குரல் சுவரிலிருந்து பேசியது. அவள் திருகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோவில் மணி அடித்தது, திருகவில்லை. பெட்டி மணி அடித்தது, திருகினாள். இருதயம் என்று குரல் சொன்னபோது சுவரில் இருதயம் இருந்தது.

"அப்ப முன்ன இருதயம்னு பாத்தது என்னது?" என்று ஒரு பையன் கத்தினான். விஜயலக்ஷ்மி நாடாவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் சுற்றி, படத்தையும் பின்னுக்குத் திருகி, மறுபடியும் ஓடவிட்டாள். மூன்றாவது தடவை அவன், "ஆங், அப்படிச் சொல்லு," என்றான்.

இது பெரிய போதனை முறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்து நிமிஷத்தில் வாயால் முடிகிற காரியத்துக்கு அவள் முக்கால் மணி எடுத்துக்கொண்டாள். சில கேள்விகளுக்கு நாடாவில் பதிலே கிடையாது; அவை அப்படியே தொங்கின. குழந்தைகள் அவளை மிஷின்காரி என்று எடுத்துக்கொண்டார்கள். "இசக்கி அண்ணனுக்குக் கண்ணு தெரியல போல, அதான் அக்காவ வச்சிருக்காவ," என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் இசக்கிப்பாண்டிக்கு எல்லாப் படமும் வரிசையும் பழகிவிட்டன. "இனிமே நானே பாத்துக்கிடுதேன் டீச்சரம்மா, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க," என்றான். அவன் சொன்னது நியாயம். அவள் அடுத்த வகுப்புக்கும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் சொர்ணம் பக்கத்தில் வந்து நின்றாள். எண்ணெய் வழிய வாரிய தலை, கூர்மையான கண்.

"அக்கா, இந்தப் பெட்டிக்குள்ள பேசுதது யாரு?"

விஜயலக்ஷ்மி பிலிம் சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன்?"

"சும்மாத்தான். நல்லாச் சொல்லுதாவ. ஆனா நம்மளப் புடிக்காது போல."

அவள் சுருளை டப்பாவில் போட்டு மூடினாள். பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் கடைசிப் பாடம், இரத்த ஓட்டம். "இருதயத்தின் இடது பக்கத்திலிருந்து புறப்பட்ட இரத்தம், உடம்பெல்லாம் சுற்றிவிட்டு" என்று குரல் சொல்லும்போது கரண்ட் போயிற்று. குரல் கனத்து, இழுத்து, நின்றது. சுவர் இருண்டது. இசக்கிப்பாண்டி வெளியே ஓடிப் பார்த்துவந்தான். "லைன் பூராவும் பந்த். எப்ப வரும்னு கேட்டா சிரிக்கான்."

பூமாரி ஜன்னல் சாக்குகளை எடுத்துவிட்டாள். வெளிச்சம் வந்தது. நாற்பது பேரும் திரும்பி, செத்துக் கிடந்த மிஷினையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார்கள். பாதி வாக்கியத்தின் மீதி அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். பூமாரி அருகே வந்து குனிந்தாள்.

"டீச்சர், இனி கிளாஸ் கிடையாது. பரீட்சையில இது கட்டாயம் கேப்பான். நீங்கதான் இருக்கியளே. ரெண்டு வார்த்தை சொல்லிருங்க."

விஜயலக்ஷ்மி அவளைப் பார்த்தாள். உதடு அசைந்ததாகப் பூமாரி பிறகு சொன்னாள். இசக்கிப்பாண்டி இல்லை என்றான். விஜயலக்ஷ்மி பையைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டி, வாக்கியம் நின்ற இடத்தில் விரலை வைத்து, நோட்டைப் பூமாரியின் கையில் கொடுத்தாள்.

பூமாரி ஜன்னலோரம் போய் நின்று வாசித்தாள். இரண்டு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி, "இப்பம் என்ன சொல்லுதாவன்னா," என்று தன் பேச்சில் சொன்னாள். ஓரிடத்தில் அவளுக்கே புரியாமல் விழித்து, திரும்ப வாசித்து, "ஓ, அப்படியா," என்றாள்; பிள்ளைகள் சிரித்தார்கள். சுத்த ரத்தம், அசுத்த ரத்தம், வால்வு எல்லாம் வந்தன. கரும்பலகையில் அவள் போட்ட இருதயம் மாங்காய் மாதிரி இருந்தது. ஆனால் அம்புக்குறிகள் சரியான பக்கம் போயின. விஜயலக்ஷ்மி ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நாற்பது பேரில் இருபத்தொன்பது பேர் பாஸானார்கள். தவறிய பதினோரு பேரில் பெரும்பாலோர் கணக்கில் தவறினார்கள். சொர்ணம் சயானில் எட்டாம் வகுப்புச் சேர்ந்தாள்; அவள் அப்பா மாப்பிள்ளை பார்ப்பதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். மகாதேவன் கைமணியை எடுத்துவிட்டு, மரக்கட்டையில் தட்டும் ஒலியோடு எல்லாப் பாடத்தையும் மறுபடி பதிவு செய்யலாம் என்றார். விஜயலக்ஷ்மி முடியாது என்றாள். ஏன் என்று கேட்டார். "முடியாது மாமா," என்று மட்டும் சொன்னாள். பழைய நாடாவே ஓடியது.

ஜூனில் புது ஏழாம் வகுப்பு வந்தது. அவள் போவதை நிறுத்திவிடுவாள் என்று பஞ்சு நினைத்தான். அவள் நிறுத்தவில்லை. அடுத்த மூன்று வருஷம், நாடா தேய்ந்து குரல் கரகரக்கும் வரை, செவ்வாயும் வெள்ளியும் இரண்டு ஷிப்ட் முடித்துப் பாலத்தைத் தாண்டினாள். திருகு பிடிக்க இசக்கிப்பாண்டி இருந்தான். விளக்கம் சொல்லப் பூமாரி தேறியிருந்தாள். குற்ற உணர்ச்சி என்றாள் அம்மிணி மாமி. கர்வம் என்றான் பஞ்சு. வீட்டில் உட்கார இடம் கிடையாது, அங்கே ஒரு ஸ்டூல் கிடைத்தது, அதுதான் என்று மகாதேவன் ஒரு தரம் சொன்னார். பூமாரி ஒரே முறை நேராகக் கேட்டாள். அன்றைக்கு விஜயலக்ஷ்மி குடையை எடுத்துக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கூடத்தில் நாற்பது நாற்பதாக நாலு வகுப்புப் பிள்ளைகள் அவளிடம் அறிவியல் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் அவள் ஒரு வார்த்தை பாடம் பேசவில்லை. அந்தக் குரல் தன்னுடையது என்று அவர்களில் யாரிடமும் சொல்லவும் இல்லை.